பதினோராவது சுற்று

ஒன்பது பக்கம்.
மேலே ஹல் நகரத்து முகவரி, என்னுடையது.
கீழே மையில் விழுந்த எறும்பு
தப்பித்துப் போனதுபோல் ஒரு கையெழுத்து.
நடுவில் என் வீடு
"திருப்தியற்றது".

யாருக்கு என்று கேட்டேன்.
தொலைபேசியில் கீத் ஆக்ஸ்டோபி தொண்டையைச் செருமினார்.
அது எங்கள் துறைச்சொல், மேடம்.

முப்பது வருடம் மீன்துறையில்
எடைமேடைக்குப் பக்கத்தில் நின்றவள் நான்.
பனிக்கட்டியின் பாரத்தை மீனின் பாரம் என்று
விற்க வந்தவர்களை
முகம் பார்க்காமலே திருப்பி அனுப்பியவள்.
சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு
மின்பெட்டிக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

முதல் குறை: பரணில் மூடியில்லாத இணைப்புப் பெட்டி.
அதே அறிக்கை, இரண்டாம் பக்கம்:
"பரணுக்குள் செல்ல இயலவில்லை."
செல்லாத இடத்தில் எதை வைத்துக் கண்டீர்?
மூக்கை வைத்தா?

அடுத்தது குளியலறை விளக்கு. ஆபத்து நேரக்கூடும்.
கூடும் என்றால்?
மதியத்துக்குமேல் மழை வரக்கூடும்.
என் தம்பி டெரிக் வாங்கிய கடனைத் திருப்பித் தரக்கூடும்.
இதில் எந்தக் கூடும் உங்களுடையது?

எர்த் கம்பி மெலிந்தது என்று ஒரு வரி.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
மெலிந்துதான் இருக்கிறது.
அதன் பக்கத்தில் ஒரு சின்ன சரி போட்டேன்,
பெரிதாகப் போட மனம் வரவில்லை.

எல்லாம் சீர்செய்ய ஆயிரத்து நானூறு பவுண்டு, வரி தனி.

அதற்குப் பிறகுதான் எண்ணினேன்.
பெட்டியில் ஒன்பது சுவிட்ச்.
தாளில் பதினோரு சுற்று.
விரல் வைத்து எண்ணினேன்,
கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை.
பத்தாவது: மாடி ஷவர்.
எனக்கு ஷவரே கிடையாது. தொட்டிதான்,
அதுவும் ஒரு கால் ஆடும் தொட்டி.
பதினோராவது: தோட்டக் குளத்து மோட்டார்.
உறை கிழிந்து ஈரம் இறங்கியிருக்கிறது.
கசிவைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லை.
உடனடி ஆபத்து.

எனக்குக் குளமும் கிடையாது.

அகப்பட்டார் ஆக்ஸ்டோபி!
மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போட்டு என்னிடமே நீட்டியிருக்கிறார்.
கெட்டிலைப் போட்டேன்.
புகார்க் கடிதத்தின் முதல் வரியை
சமையலறைச் சுவருக்கு வாசித்துக் காட்டினேன்.
"அன்புள்ள" வேண்டுமா வேண்டாமா என்று
யோசித்த இடத்தில்
பேனா நின்றது.

அப்படியானால் யாருடைய குளம்?

செவ்வாய்க்கிழமை அந்த வெள்ளை வேன்
எங்கள் பத்தடிச் சந்துக்கு அந்தப் பக்கமும் நின்றது.
பின்வீடு. வெரிட்டி ஸ்கெல்டன்.
அன்று அவள் வேலைக்குப் போயிருந்தாள்,
சாவி எப்போதும்போல் பூந்தொட்டிக்கு அடியில்.
என் கராஜை மறித்து அவள் காரை நிறுத்திய நாளிலிருந்து
நாங்கள் பேசுவதில்லை.
நான்கு வருடம்.
இப்போது அவள் மேசையில்
என் வீட்டு நலம் அவள் பெயரில் கிடக்கும்.
ஒன்பது சுற்று, உயிருக்குக் குந்தகம் ஏதுமில்லை.
அதை நம்பி அவள் தேநீர் குடித்திருப்பாள்.

இன்று சனிக்கிழமை.
சனிக்கிழமைதான் அவள் முழங்கால்வரை இறங்கி
குளத்தின் பாசியை வழிப்பாள்.
என் மாடி ஜன்னலுக்கு எல்லாம் தெரியும்,
நான் பார்க்காவிட்டாலும்.

கெட்டில் கொதித்து தானாக அணைந்த சத்தம்
கதவைத் தாண்டிய பிறகு கேட்டது.
வீட்டுச் செருப்போடு சந்தில் ஓடினேன்,
அறுபத்தெட்டு வயதில், ஒன்பது பக்கத்தோடு.
நான்காம் பக்கம் காற்றில் போயிற்று. போகட்டும்.

வேலிக்கு மேலே அவள் தலை தெரிந்தது.
ஒரு பூட்ஸ் கழற்றியாகிவிட்டது,
வெறுங்கால் கரைக்கல்லின் விளிம்பில்.
தண்ணீருக்குள் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது.

"இறங்காதே!"

வெரிட்டி நிமிர்ந்தாள்.
நான்கு வருடத்தையும் முகத்தில் வைத்துக்கொண்டு
"கார் விஷயமா?" என்றாள்.

"ஆமாம்," என்றேன், மூச்சு வாங்க.
"அதையும் பேசுவோம். முதலில் காலை எடு."