பன்னிரண்டாவது கத்தி

பாடம் முடிந்ததும் கத்திகளை எண்ணவேண்டும்.
பதினொன்று.
மறுபடி எண்ணினாள் நெரிஸ். பதினொன்றுதான்.

கிடைக்கும்வரை யாரும் வீடு திரும்பக்கூடாது.
கொட்டகைக் கதவில் ஒட்டிய விதி.
வேல்ஸ் மலைச்சரிவில் ஊரே காசு போட்டு வாங்கிய காடு,
விதியும் ஊர்கூடி எழுதியதுதான்.

ஒன்பது பிள்ளைகள் குனிந்தார்கள்.
காலையில்
தரையைப் பாருங்கள், தரையைப் பாருங்கள் என்று
நான் தொண்டை வற்றக் கத்தியபோது
கொட்டாவி விட்டவர்கள்.

இப்போது மாக்சன் பெரணியை விலக்குகிறான்,
காளான் குடையின் அடிவயிற்றைத் தடவுகிறான்.
வெட்டி அடுக்கிய ஹேசல் கழிகளுக்கடியிலிருந்து
காலில்லாப் பல்லியொன்று
செம்புக்கம்பியாய் நழுவிப் போக
எவரும் கூச்சலிடவில்லை.
மழைத்தொட்டி ஓரத்தில் டெலித்
ஒரு நீல முட்டையோட்டை எடுத்தாள்,
கத்தி இல்லையென்று திருப்பி வைத்தாள்
இருந்த இடத்தில், இருந்த வாக்கில்.

குளிருக்குக் கோட்டுப் பையில் கைவிட்டேன்.
மதியம் கூடாரக் கயிற்றை அறுத்தது
நான்.

கீழே யாருடைய அம்மாவோ ஹாரன் அடித்தார்.
மலைமேல் வெளிச்சம்
இன்னும் ஒரு விரற்கடை மிச்சமிருந்தது.

பைக்குள்ளேயே உறையைப் பொத்திக்கொண்டு
நானும் குனிந்தேன்.
அந்தப் பக்கம் பார்த்தீர்களா
என்றேன்.