இரண்டு உள்ளேன்

கிளாக்ஸ்விக், இரவு ஒன்பது நாற்பது.
லேபிள் அச்சடிக்கும் இயந்திரம் மறுபடி மௌனம்.
பெல்ட்டில் சால்மன் பெட்டிகள் பெயரில்லாமல் நிற்கின்றன.
"மூன்றாவது தடவை" என்கிறான் ஹெயினி,
ரப்பர் கையுறையைக் கழற்றாமலே
என் மடிக்கணினியைக் காட்டி.

பிங் போகிறது. போகிறது. போகவில்லை.
நான்கு நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல்,
போகிறது.
கேபிளை மாற்றியாயிற்று. சுவிட்சை அணைத்து எழுப்பியாயிற்று.
ஹெயினி தன் பங்குக்கு இயந்திரத்தின் விலாவில்
ஓர் அறையும் விட்டாயிற்று.

நெட்வொர்க்,
வாத்தியாருக்குப் பார்வை போதாத வகுப்பறை.
"அறுபத்தெட்டு யார்?" என்று
எல்லோர் காதிலும் விழக் கேட்கும்.
"உள்ளேன்" என்று எவர் சொன்னாலும் நம்பும்,
எழுந்து நின்று முகம் காட்டச் சொல்லாது.
குறித்துக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் மறக்கும்,
மறுபடி கேட்கும்.

பதிவேட்டைத் திறக்கிறேன்.
முகவரி அதேதான்.
எதிரே இருக்கும் வன்பொருள் எண் வேறு:
சற்றுமுன் 7சி-யில் முடிந்தது,
இப்போது டி4.
அழித்துவிட்டுக் கேட்கிறேன். அறுபத்தெட்டு?
உள்ளேன்.
கண் இமைப்பதற்குள்
இன்னோர் உள்ளேன்.

இரண்டாவது குரலின் வாலைப் பிடித்துப் போகிறேன்:
பதினேழாம் துளை, சாம்பல் நிறக் கேபிள்,
உப்புப் பூத்த குழாய்க்குள் புகுந்து மாடியேறி
உடைமாற்றும் அறைச் சுவரில் முடிகிறது.

வசந்தத்தில் ஓய்வு கொடுத்த வருகைப் பதிவுக் கருவி.
இப்போது யாரும் அதில் விரல் வைப்பதில்லை.
திரையில் பச்சையாய் மணி மட்டும்: 10:26.
அதன் எண்ணைத்தான் அச்சு இயந்திரத்துக்குக் கொடுத்தோம்.
கொடுத்தது நான்.
ஆள் வந்ததா என்று பார்த்த பெட்டி
ஆள்மாறாட்டம் செய்துகொண்டிருக்கிறது.

"பிளக்கைச் செருகியது நான்தான்" என்கிறாள்
தரை கழுவும் மர்ஜுன், முழங்கை வரை நுரை.
"திங்கட்கிழமை. இந்த அறையில் வேறு கடிகாரம் கிடையாது.
ஈரக் கையோடு போனை எத்தனை முறை எடுப்பது?
பதினொன்று பத்துக்குக் கடைசிப் பஸ்.
விட்டால், கடலுக்கு அடியில் சுரங்கப்பாதையில்
நடந்தா வீட்டுக்குப் போவேன்?"

நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவுகிறேன்.
மின்சாரத்தைத் தொடவில்லை.
கீழே லேபிள்கள் தடதடக்கின்றன.
ஹெயினி ஏதோ கத்துகிறான்,
வசவா நன்றியா, பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இனி இதற்கு நேரம் திருத்திச் சொல்ல யாருமில்லை.
மாதம் ஒரு நிமிடம் பின்தங்கலாம்" என்கிறேன்.

மர்ஜுன் நுரை வழியும் விரல்களை மடக்கி எண்ணுகிறாள்.
"அப்படியானால்
மே மாதம் நான் ஓட வேண்டியிருக்கும்."