முப்பத்தேழு

மூன்றாம் பருவம். செப்டம்பரின் முதல் திங்கள்.
ஃபோர்ட் போர்ட்டலில் மழைக்கு இன்றும் பிடிவாதம்.
எட்டு மணிக்கே வாசலில் வந்து குந்திவிட்டன
தகரப் பெட்டிகள், நீலமும் பச்சையுமாக,
மூடியில் பெயர், பெயருக்குக் கீழே எண்.
பெட்டிகளுக்குப் பின்னால் அப்பாக்கள்,
அப்பாக்களுக்குப் பின்னால்
ஒட்ட வெட்டிய தலைகளோடு
எங்கள் பெண்கள்.

விடுதிக் காப்பாளர் நான்;
பட்டியலை உரக்கப் படிப்பது என் வேலை.
துடைப்பம் ஒன்று. கழிவறைக் காகிதம் பத்துச் சுருள்.
துணி சோப்பு மூன்று கட்டி. சர்க்கரை இரண்டு கிலோ.
வாளி. போர்வை. கொசுவலை.
உள்ளாடை ஆறு. இதை மட்டும் குரல் இறக்கிக் கேட்பேன்;
அப்பாக்கள் அப்போது மழையைப் பார்ப்பார்கள்.

பெட்டியைக் கவிழ்த்தால்தான் உண்மை கொட்டும்.
சாக்ஸுக்குள் வேர்க்கடலை.
பைபிள் உறைக்குள் பிஸ்கட்.
மூன்றாம் வகுப்பு நியாகாட்டோ தலையணையைப் பிரித்து
வாழைப்பழ அப்பம் முப்பதை உள்ளே வைத்துத்
தைத்துக் கொண்டு வந்திருந்தாள்.
தையல் நேர்த்தி. அதற்காகப் பாதியைத் திருப்பித் தந்தேன்.
மீதி என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்,
சமையல்கட்டுக்கும் அது மழை நாள்தான்.

விடுமுறைக்குப் போனவர்கள் எண்பத்து நான்கு.
மாலை ஐந்துக்கு வந்திருந்தவர்கள் எண்பத்து மூன்று.

முப்பத்தேழு. கபசிங்குசி. ஐந்தாம் வகுப்பு.
தூக்கத்தில் பேசுவாள்,
அதுவும் வாய்ப்பாடு.
ஏழேழு நாற்பத்தொன்பது என்று அவள் இருட்டில் சொன்னால்
பக்கத்துக் கட்டில்காரி
கண் திறக்காமலே
எட்டேழு ஐம்பத்தாறு என்பாள்.

"வந்துவிடுவாள்" என்றேன் தலைமையாசிரியையிடம்.
"தேயிலைத் தோட்டத்தில் கூலி தாமதமாம்.
சனிக்கிழமைக்குள் வந்துவிடுவாள்."
தாமதம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.
போன வியாழன் டாக்சி நிலையத்தில்
என் ஜன்னலுக்குள் அவித்த முட்டையை நீட்டிய கையை
நான் எவரிடமும் சொல்லவில்லை.

ஒன்று எழுநூறு, மூன்று இரண்டாயிரத்து நூறு,
நூறை விட்டுவிடுங்கள் என்றாள்
நான் வாய் திறக்குமுன்.
உப்பைக் காகிதத்தில் மடித்துத் தந்தாள்.
"அப்வோலி" என்று கூப்பிட்டேன்.
இங்கே ஆளுக்கொரு செல்லப்பெயர் உண்டு,
ஊர் மொத்தத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டுதான்,
ஆனாலும் அதைச் சொல்லிக் கூப்பிட்டால்
முகம் திருப்பிக்கொள்ள முடியாது.
அவளும் திருப்பிக்கொள்ளவில்லை.
நேராகப் பார்த்து, சில்லறையை எண்ணி வைத்துவிட்டு
அடுத்த வண்டிக்கு ஓடினாள்.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை மட்டும் வந்தது.

ஞாயிறு மதியம் புதிதாக ஒருத்தி.
குனிஹிரா. மூன்றாம் வகுப்பு.
பெட்டி புத்தம் புதிது, பூட்டுக்கு இரண்டு சாவி,
மூடியில் எண் மட்டும் இல்லை.
பெயின்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.
எண்பத்தைந்து என்று எழுதலாம்.
எழுதினால் அதற்குக் கட்டில் இல்லை, தட்டு இல்லை,
வாளி மாட்ட ஆணி இல்லை.

37 என்று எழுதினேன். மூன்றின் வால் கொஞ்சம் ஒழுகியது.
"முன்னால் இது யாருடையது?"
விரல் ஈரத்துக்கு அருகே வந்துவிட்டது.
"தொடாதே" என்றேன். "ஒட்டிக்கொண்டால் போகாது."

விளக்கணைத்த பின் ஒரு சுற்று வந்தேன்.
கூரைத் தகரத்தில் மழை, அரிசி புடைப்பதுபோல்.
முப்பத்தேழில் விழித்தே கிடந்தாள் புதியவள்.
பக்கத்துக் கட்டிலில் நல்ல தூக்கத்தில் ஒரு குரல்:
எட்டேழு ஐம்பத்தாறு.
சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம்
மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது.

குனிஹிரா என்னைப் பார்த்தாள்.
நான் கைவிளக்கை அணைத்தேன்.
போர்வைக்குள் விரல்கள் அசைவது கேட்டது,
ஒன்று, இரண்டு என்று.
அவள் வகுப்பில்
ஏழாம் வாய்ப்பாடு இன்னும் தொடங்கவில்லை.