ஒற்றைக் கத்தரிக்காய்

வீடு ஆரம்பாக்கத்தில், நாக்கு ஆந்திராவில்.
அக்கா இப்படித்தான் என்னைப் பற்றிச் சொல்வாள்
கல்யாண வீடுகளில், எனக்குக் கேட்கும்படி.

எடைமேடையில் ரசீது போடுகிற வேலை.
லாரி ஏறும், எண் மின்னும், லாரி இறங்கும்.
ஒரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஸ்கூட்டியில் ஆறு கிலோமீட்டர்.

தடாவில் நான் போகும் மெஸ் மூன்று.
முதலாவதில் கோங்கூரா அருமை, சோறு குழைந்திருக்கும்.
இரண்டாவதில் நெய் என்று ஊற்றுவது நெய்யில்லை.
சொன்னேன்.
கல்லாவில் இருந்தவர் ஒரு மாதம்
மீதிச் சில்லறையை மேசையில்தான் வைத்தார்.

மூன்றாவது கோட்டம்மாவுடையது. பலகை கிடையாது.
அங்கும் நான் சும்மா இருந்ததில்லை.
‘ரசத்தில் மிளகு நேற்றையது’ என்றேன் ஒருநாள்.
சீனய்யா வாளியோடு நின்று யோசித்து
‘நேத்து அரைச்சதுதான்’ என்று ஒப்புக்கொண்டான்.
அன்றிலிருந்து நான் உட்கார்ந்தால்
கோட்டம்மா அடுப்பை விட்டு வந்து நிற்பாள்,
இடுப்பில் கை,
சண்டைக்கு ஆள் வந்திருப்பதுபோல.

என் பால்கனி ஐந்தடிக்கு மூன்றடி.
வெயில் எட்டரைக்கு வரும், பத்தேகாலுக்குப் போய்விடும்.
அதற்குமேல் இருக்க
பக்கத்து பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி விடாது.
மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில் வெண்டை,
பெயிண்ட் வாளியில் கத்தரி,
டீக்கடைச் சக்கை, ஆம்லெட் கடை முட்டை ஓடு.

வெண்டை திங்கட்கிழமை ஒரு காய் தந்தது.
வியாழன் இன்னொன்று.
ஒற்றைக் காய்க்கு யார் எண்ணெய் காயவைப்பார்?
ஃப்ரிட்ஜில் காத்திருக்க வைத்தேன்.
மூன்றாவது வந்து சேர்ந்தபோது
முதலாவது விறகாகியிருந்தது.

கத்தரியில் எட்டுப் பூ. ஏழு உதிர்ந்தன.
மேல்மாடி சுகுணம்மா சொன்னபடி
பழைய டூத்பிரஷ்ஷால் எட்டாவதின் காம்பைத் தட்டினேன்,
காலை ஏழுக்கு, நைட்டியோடு, யாரும் பார்க்காமல்.
பிடித்தது.
மாவுப்பூச்சியை வேப்பெண்ணெய்ப் பஞ்சால் ஒற்றியெடுத்தேன்.
எடைச்சீட்டின் பின்பக்கம்
நாள்தோறும் அதன் நீளம் எழுதினேன்.

பறித்த அன்று
அறுபது டன் மேடையின் நடுவில் அதை வைத்துவிட்டு
உள்ளே ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
அதற்கு எதுவும் கண்ணில் படாது.

ஈரக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோனேன்.
கோட்டம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
‘ஒக்கட்டேனா?’
ஒன்றுதான் என்றேன்.
சிரிக்கவில்லை. காம்பு விடாமல் நாலாய்க் கீறி
வேர்க்கடலையும் காரமும் அடைத்து
தனி வாணலி வைத்தாள்,
வெளியே பதினாறு இலை காத்திருக்க.

சோற்றுக்கு முன்னால் வந்தது அது,
இலையின் நடுவில், தனியாக.
சீனய்யா நின்றான். அவள் நின்றாள்.
எதிர்மேசை டிரைவர்கள் இரண்டு பேர்
பிசைவதை நிறுத்தினார்கள்.

கசந்தது.
தண்ணீர் ஊற்ற மறந்த சனிக்கிழமை,
பத்தேகாலுக்குப் போன வெயில்,
எல்லாம் விதையில் ஏறியிருந்தன.
வேறு யாராவது வைத்திருந்தால்
இலையை மூடியிருப்பேன்.
காம்பு வரை தின்றேன்.

‘எலா உந்தி?’

பாக உந்தி என்றேன்.
தெலுங்கில்தான் சொல்ல வந்தது.
தமிழில் அந்தப் பொய்க்கு
என் நாக்கு வளைந்திருக்காது.

அவள் ஒன்றும் சொல்லாமல் போய்
நெய்க் கிண்ணத்தோடு வந்தாள்,
பருப்பின்மேல் ஒரு கரண்டி,
நான் போதும் என்றபிறகு இன்னொன்று.

வாணலியில் ஒட்டிய துணுக்கை
அவள் அப்போதே வாயில் போட்டுப் பார்த்திருப்பாள்.
கை கழுவும்போதுதான் தோன்றியது.

மிளகு அன்றும் நேற்றையது.
சொல்லவில்லை.