நிலைப்படிக்கு இந்தப் பக்கம்

வில்மா கோசெக்கின் வீட்டுக் கதவைச்
சென்ற மார்ச்சில் உடைத்தவன் நான்தான்.
வலது கால், பூட்டுக்கு ஒரு சாண் கீழே.
பைன் மரம்; ஒரே உதை.

நெப்ராஸ்காவில் மார்ச் என்பது
உருகலாமா என்று பனி யோசிக்கும் மாதம்.
அதிகாலை மூன்று மணி.
அவள் மகன் டேல் மீது சந்தேகம்:
பக்கத்துப் பண்ணையின் கன்றுகள்.
நீதிபதியை எழுப்பி ஆணை வாங்க
நாற்பது நிமிடமாகும் என்றார் சார்ஜென்ட்.
நாற்பது நிமிடம் நம்மிடம் இல்லை என்றேன்.
இருந்தது.
விடியும்வரை இருந்தது.

சந்தேகம் பொய்யில்லை, அதையும் சொல்ல வேண்டும்.
மாவு டப்பாவின் அடியில்
மூன்று மஞ்சள் காதுவில்லைகள், எண்களோடு.
ஆனால் மாவு டப்பாவுக்குப் போகும் வழியில்
தையல் பெட்டி இருந்தது.
தையல் பெட்டிக்குள் பத்தொன்பது கடிதங்கள்,
ஆர்லோ என்று கையெழுத்திட்டவை.
வில்மாவின் கணவர் பெயர் ஆர்லோ இல்லை.
மூன்று பேர் படித்தோம்.
ஒருவன் ஒரு வரியை உரக்கவே படித்தான்.
இரவு உடையில், கைகளைக் கட்டிக்கொண்டு,
அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.
மகன் அவளைப் பார்த்தபடி நின்றான்.

நீதிபதி ஆல்கியர் அதட்டவில்லை.
ஒரே ஒரு வாக்கியம் வாசித்தார்,
ஐம்பத்து நான்கு சொற்கள்.
ஆள், வீடு, தாள், உடைமை.
கைவைக்குமுன் காரணம் சொல், சத்தியம் செய்,
எந்த இடம், எந்தப் பொருள், எழுது.
தாள் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார்.
மூன்று வில்லைகளும் சாட்சியாகாமலே போயின.
டேல் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான்.
கன்று பறிகொடுத்த ப்ரூகர் என் பக்கம் திரும்பினார்.
நான் தரையை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

நான்காம் திருத்தம்.
பள்ளியில் மனப்பாடம் செய்தபோது
அந்தச் சொல் இடறியது.
திருத்தம் என்றால் தப்பு ஒன்று இருந்திருக்க வேண்டுமே,
யார் செய்தது?
இப்போது தெரிகிறது.
நான் பிறக்க ஏறக்குறைய இருநூறு வருடம் முன்பே
என் பூட்ஸின் அளவு தெரிந்திருக்கிறது அவர்களுக்கு.
அப்போதும் அது மத்திய அரசின் கையை மட்டும்தான் பிடித்தது.
எங்கள் சோளக்காட்டு ஷெரிஃப் அலுவலகம்வரை நடந்து வர
ஓர் உள்நாட்டுப் போரும்
இன்னொரு திருத்தமும்
அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு வழக்குகளும் தேவைப்பட்டன.

வேலி என்றால் பயிரைச் சுற்றி என்றுதான் நினைத்திருந்தேன்.
இது காளையைச் சுற்றிப் போட்டது.
நல்ல காளைதான்.
மிதித்த பிறகுதான் அதற்கும் பயிர் தெரிகிறது.

அக்டோபரில் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க
என்னையே அனுப்பினார்கள்.
புதுக் கதவு. எஃகு. அவள் காசு.
உள்ளே வரலாமா என்று நாக்குநுனிவரை வந்தது.
கேட்கவில்லை.
வாசலிலேயே நின்று எண்ணினாள்.
பதினெட்டு.
மறுபடி எண்ணினாள். பத்தொன்பது.
"மடிப்பு மாறியிருக்கிறது" என்றாள்.
அதற்கு ரசீதில் கட்டம் இல்லை.
கதவுச் சட்டத்தில் தாளை அழுத்திக் கையெழுத்திட்டாள்.
உள்ளிருந்து டேலின் இருமல்.
இருமல்தான்; வேறு பேச்சு இல்லை அந்த வீட்டில்.

பெட்டி போய்விட்டது.
ஆப்பிள் பூத்திருக்கிறது, நீ வரவில்லை
என்ற அந்த வரி மட்டும் என்னிடமே இருக்கிறது.
இதைத் திருப்பிக் கொடுக்க
எந்த நீதிமன்றமும் ஆணையிட முடியாது.

நேற்றிரவு இன்னொரு வீடு, ரயில்பாதை ஓரம்.
உள்ளே விளக்கு எரிகிறது, அணைகிறது.
தண்ணீர் ஓடும் சத்தம்.
எது கரைகிறதோ, எது எரிகிறதோ.
கூட வந்த ரோண்டா என் முகத்தைப் பார்க்கிறாள்,
பிறகு என் வலது காலை.
தொலைபேசியில் தூக்கக் குரலில் நீதிபதி
தெருப் பெயரை எழுத்துக் கூட்டச் சொல்கிறார்.
சொல்கிறேன்.
கேட்கவில்லை, மறுபடி என்கிறார்.
மறுபடி சொல்கிறேன்,
ஒவ்வொரு எழுத்தாக,
பூட்ஸுக்குள் விரல்கள் விறைக்க.