பாடபேதம்

தார்த்து நகரில், ஆவணக் காப்பகத்தின் அடித்தளத்தில்
கதை அட்டைகளுக்கு எண் போடுகிறேன்.
ஒரே கதை முப்பத்தொன்பது அட்டைகளில் இருந்தால்
முப்பத்தொன்பதுக்கும் ஒரே எண்.
கீழே பொடி எழுத்தில்: பாடபேதம்.

மிகப் பழைய அட்டையில் மெழுகு சொட்டியிருக்கிறது.
தேதி 1890. எழுதியவர் பள்ளி உதவியாளர் யாகுப் ஓல்வேத்.
சொன்னவள் லீசு, ஆளிநார் அடிக்கும் கூலி, வயது முப்பத்தொன்று.
‘முடித்ததும் எழுந்து போய்விட்டாள், காசு வாங்கவில்லை.’

கதை இவ்வளவுதான்:
விளைச்சல் பொய்த்த வருடம். ஒரு தாய்
பிள்ளைகள் இரண்டையும் காட்டுக்குக் கூட்டிப்போனாள்.
பழம் பறியுங்கள், பசு பக்கத்தில்தான் மேய்கிறது,
மணி கேட்கும்வரை நானும் இங்கேதான் என்றாள்.
பசுவைத் தின்று மூன்று வாரமாகியிருந்தது.
அதன் மணியைப் பைன் கிளையில் கட்டிவிட்டு நடந்தாள்.
காற்று இருந்தது.
பிறகு நின்றது.

சூனியக்காரி கிடையாது. அட்டையின் மறுபக்கம் வெறுமை.

பெரும் பஞ்சம் 1868-இல்.
கழித்துப் பார்த்தால் லீசுவுக்கு அப்போது ஒன்பது வயது.
கழித்துப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் துறையின் பழக்கம்.
ஆனாலும் ஒருநாள் அந்த ஊர்த் திருச்சபைப் பதிவேட்டை எடுத்தேன்.
லீசு என்ற பெயரில் பதினொரு பேர்.
மூடிவைத்துவிட்டேன்.

ஒன்பதே வருடத்தில், அடுத்த ஊரில்,
அம்மா மாற்றாந்தாய் ஆகிவிட்டாள்.
மாற்றாந்தாய், சரியான சொல்தான்.
மாற்றியது யாரென்றுதான் தெரியவில்லை.
அந்த ஒரு சொல்லை மாற்றாமல்
அந்தக் கதையைச் சொல்லி எந்தப் பிள்ளையைத் தூங்கவைப்பது?

அதற்குப் பிறகு ஆளுக்கொரு கண், காது, மூக்கு வைத்தார்கள்.
சாரெமா தீவில் பசு இல்லை,
பனிமூட்டத்தில் அடிக்கும் படகு மணி.
பண்ணைமாளிகைச் சமையலறையில் சொன்னபோது
பிள்ளைகள் பிரபுவின் தொலைந்த வாரிசுகள்.
பிரபு கேட்கும் தூரத்தில் இருந்தார்.
கடையில் விற்ற சிறுநூலில் மணி வெள்ளியானது,
வெள்ளிக்குள் ஒரு தேவதை, தேவதைக்கு மூன்று வரம்.
1951, கூட்டுப்பண்ணைச் செய்தித்தாள்:
பிள்ளைகளைக் கண்டெடுப்பவர் டிராக்டர் ஓட்டுநர்,
மணி எல்லோரையும் வேலைக்கு அழைக்கிறது.
சிரித்துக்கொண்டே எண் போட்டேன்.

இருபத்தெட்டாவது அட்டையில் கை நின்றது.
1957. சொன்னவள் ஹெல்மி வாஹெர்,
எட்டு வருடம் கழித்து சைபீரியாவிலிருந்து திரும்பியவள்.
இவள் சொன்னதில் யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை.
அம்மாவை இரவில் வண்டியேற்றுகிறார்கள்.
பிள்ளைகள்தான் மரமேறி மணியைக் கட்டுகிறார்கள்,
திரும்பி வர அவளுக்கு வழி தெரியட்டும் என்று.

இது அதே கதையா?
மணி இருக்கிறது, மரம் இருக்கிறது, காத்திருப்பது இருக்கிறது.
விதிப்படி அதே எண்.
பென்சிலால்தான் போட்டேன்.

போன மார்ச்சில் ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை தொலைபேசினார்.
வசந்த விழாவில் இந்தக் கதையைத்தான் நாடகம் போடுகிறார்களாம்.
தேவதை உண்டு, அட்டைக்கிரீடம் உண்டு,
கடைசியில் எல்லோருக்கும் கேக்.
ஒத்திகையில் லூமி என்ற பெண்குழந்தை
மேடை நடுவில் நின்றுகொண்டு நகர மறுக்கிறாள்.
ஒரே கேள்வி.
மூலத்தில் இதற்குப் பதில் உண்டா,
கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?

பார்க்கிறேன் என்றேன்.
பார்க்க ஒன்றுமில்லை, பதில் எனக்கு மனப்பாடம்.
திரும்ப அழைக்கவில்லை.

புது அட்டை ஒன்றை எடுத்தேன்.
எண், அதே எண்.
சொன்னவள்: லூமி, வயது ஐந்து.
கதை, முழுவதும்:
‘மணி இங்கே இருக்கு.
மாடு எங்கே?’