கள்ளநோட்டு விளக்கு

கேட்ஸ்ஹெட் மைதானத்தில் ஞாயிறு, ஆறேமுக்கால்.
கார்களின் டிக்கியைத் திறந்து
வீடுகளைக் கொட்டி விற்கிறார்கள்.
பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து
சீருடையோடே வந்திருக்கிறேன்.
பையில், ஐம்பது பவுண்டு தாளைச் சோதிக்கும்
புற ஊதா டார்ச்.
கடையுடையது. நாளை இருந்த இடத்தில் இருக்கும்.

முதலில் விரல். கண் அப்புறம்தான்.
அச்சில் அழுத்திய கண்ணாடிக்கு
விலாவில் தையல் உண்டு,
அச்சு பிரிந்த இடம்,
நகத்துக்கு மட்டும் தட்டுப்படும் வரப்பு.
கையால் வெட்டிய பளிங்கு
தொட்டால் விரலைக் கேட்கும்.
இது கூலி நாள் கண்ணாடி,
மூலைகளை முன்பே மழுக்கிக்கொண்டு பிறந்தது.

பிறகு கவிழ்த்துப் பார்.
அடிவட்டத்தில் கீறலே இல்லையா, வைத்துவிட்டு நட.
தொண்ணூறு வருடம் மேசையில் இழுபட்டது
அவ்வளவு சுத்தமாக இருக்காது.
கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றனவா,
இன்னும் வேகமாக நட.
யாரோ உப்புத்தாள் வாங்கியிருக்கிறான்.

பதிவெண் இருந்தால் அதிர்ஷ்டம்.
இருக்கும், ஆனால் கடைசி இரண்டு இலக்கம்
தேய்ந்துபோயிருக்கும்.
மூன்றா எட்டா என்று
ஒரு மழைக்காலம் முழுக்க
நான் தூங்காமல் இருந்ததுண்டு.

ஏழாவது வரிசையில் கீத் ராப்சன்.
அம்மாவின் வீட்டைக் காலி செய்கிறார்.
திரைச்சீலை வளையங்கள், பிஸ்கட் டப்பாக்கள்,
முன் இருக்கையில் கிழட்டு நாய்.
நடுவில் பச்சையாய் ஒரு கிண்ணம்,
விளிம்பில் அலை, அடியில் மூன்று குட்டிக் கால்,
இரண்டு பவுண்டு என்று ஒட்டிய தாள்.

"அதுவா, வாடகைக் கிண்ணம்" என்றார்.
வெள்ளிக்கிழமை வசூல்காரன் வருவானாம்.
சில்லறை அதில் இருக்குமாம்.
இல்லாத வெள்ளியில்
வீடே சோபாவுக்குப் பின்னால் இருக்குமாம்.

கோட்டைக் கழற்றிக் கிண்ணத்தின்மேல் கூடாரம் போட்டேன்.
உள்ளே தலையை விட்டு டார்ச்சை அழுத்த
எலுமிச்சை சர்பத்துக்குள்
யாரோ பல்பு போட்டதுபோல் எரிந்தது.
யுரேனியம்.
என் நெஞ்சு ஒருமுறை தப்பி அடித்தது.

அப்புறம்தான் பார்த்தேன்:
விளிம்பில், கட்டைவிரல் நகத்தளவு,
பச்சைக்கு நடுவே நீலம் கலந்த வெள்ளைக் கோடு.
பகலில் தெரியாத ஒட்டு.
முப்பது பவுண்டுக்குப் போகும் பொருள்
ஒரு கோட்டில் மூன்றுக்கு வந்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டு இரண்டு பவுண்டை நீட்டியிருக்கலாம்.
"வந்து பாருங்கள்" என்றேன்.
ஒரு கோட்டுக்குள் இரண்டு அந்நியத் தலைகள்,
அவருடைய மூச்சில் புகையிலை, என்னுடையதில் டீசல்.
கோட்டைக் காட்டினேன்.
இது இரண்டு டியூபைக் கலந்து பூசும் பசை,
கிண்ணம் பிறந்த காலத்தில் கிடையாது,
ஒட்டியது ரொம்பப் பின்னால் என்றேன்,
என் அறிவை நானே மெச்சிக்கொண்டு.

அவர் தலையை வெளியே எடுக்கவில்லை.
கோட்டுக்குள்ளிருந்தே குரல் வந்தது:
"உடைத்தது நான்.
அப்போது வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது.
வாடகை காசோலையாகப் போய்க்கொண்டிருந்தது.
குப்பையில் போட்டுவிட்டேன் என்றுதான் சொன்னாள்."

விலைத் தாளை நகத்தால் சுரண்டினார்.
பாதிதான் வந்தது.
கிண்ணத்தை என் கோட்டிலிருந்து எடுத்து
முன் இருக்கையில் வைத்து
சீட் பெல்ட்டைப் போட்டார்.
நாய் நகர்ந்து இடம் கொடுத்தது.

சேகரிப்பவனுக்கு முதல் பாடம்:
கண்டுபிடித்ததை வாங்கிய பிறகு சொல்.
பதினோரு வருடமாய் எனக்கு அது தெரியும்.

சும்மா போகாதீர்கள் என்று
ஒரு வெண்ணெய்த் தட்டின் மூடியைக் கொடுத்தார்,
தட்டு இல்லை, மூடி மட்டும்.
வீட்டில் என்னிடம் மூடியில்லாத் தட்டுகள் இரண்டு உண்டு.
பொருந்தாது என்று பஸ்ஸிலேயே தெரியும்.
ஷூவைக்கூடக் கழற்றாமல்
வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை.